தூக்குவாளி மாட்டும் கிளை

காளியம்மா தன் ஆள்காட்டி விரலை ஃபிளெக்ஸ் பேனரில் இருந்த ஒரு படத்தின் மேல் வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டடி நகர்ந்து வேறொரு படத்தின் மேல் வைத்தார். அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கடைசி வரிசையில் இன்னொரு படத்தின் மேல் வைத்தார்.

"இது நாங்க தூக்குவாளி மாட்டுற கிளைல்ல?" என்றார்.

அன்று ஆகஸ்ட் பதினைந்து. ஓடைக்குடி ஊராட்சி அலுவலக வாசலில் ஷாமியானா போட்டு கிராம சபைக் கூட்டம். கொடியேற்றி முடித்து, எல்லார் வாயிலும் ஆரஞ்சு மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் படம் எடுக்க வந்திருந்த நான் கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்தேன். காளியம்மா கேட்டதும் நான் கேமராவை இறக்கவில்லை. இறக்கினால் முகம் தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். என் பெயரை மாற்ற வழியில்லை. தலைப்புக்குப் பக்கத்திலேயே போட்டோவோடு போட்டுவிடுகிறார்கள்.

பேனரில் இருபது படங்கள் இருந்தன. பெரியாச்சி வடிகாலை நாலு கிலோமீட்டருக்குத் தூர் வாரி முடித்தாகிவிட்டது என்பதற்குச் சாட்சியான படங்கள். இருநூறு மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது எத்தனையாவது மீட்டர் என்று சிலேட்டில் சாக்பீஸால் எழுதியிருக்கும். படத்தின் அடியில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட அச்சாகியிருக்கும்.

இருபதும் நான் எடுத்தவை. இருபதையும் ஒரே இடத்தில் எடுத்தேன்.

கும்பிடு போட்டோ

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு முக்கூட்டு ரோட்டில் என் ஸ்டுடியோ இருக்கிறது. இறந்துபோனவர்களின் படத்தில் மூடிய கண்ணைத் திறந்து வைப்பது எப்படி என்று இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். அது பொய் இல்லையா என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா, அது மரியாதை. பொய்யைப் பற்றி இந்த வாரம்தான் எழுதுகிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எங்கள் தொழிலுக்கு அது இன்னொரு தை மாதம். வேட்பாளர்கள் வரிசையாக வந்து கும்பிடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. கை நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும். விரல் நுனி தாடையை மறைக்கக் கூடாது. சிரிப்பு, பல் தெரிவதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். முப்பது வருடத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் என் முன்னால் கும்பிட்டு நின்றிருக்கிறார்கள். ஜெயித்த பிறகு கடைத்தெருவில் பார்த்தால் தலையை ஆட்டுவதோடு சரி.

ஓடைக்குடி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. பெண்கள் தொகுதி என்றால் பெரும்பாலும் புருஷன்தான் முதலில் கடைக்குள் வருவார். கோணத்தைச் சொல்பவரும் அவர், படத்தைத் தேர்ந்தெடுப்பவரும் அவர். அந்த அம்மா நடுவில் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செல்வராணி தனியாக உள்ளே வந்தார். கொத்தனார் வேலை பார்க்கும் அவர் கணவர், வெளியே பைக்கில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொள்வதும் செல்வராணிதான்.

படம் நன்றாக விழுந்தது. கழுத்தில்தான் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒன்றும் இல்லை. வேட்பாளர் கழுத்து வெறுமையாக இருந்தால் ஓட்டு விழாது என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. கம்ப்யூட்டரில் ஒரு இரட்டை வடச் சங்கிலி தயாராக வைத்திருப்பேன். அதை எத்தனையோ கழுத்துகளில் போட்டிருக்கிறேன். செல்வராணி கழுத்திலும் போட்டுவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இது யாருதுங்க?" என்றார்.

"சும்மா கம்ப்யூட்டர்ல போட்டதும்மா. எடுப்பா இருக்கும்."

"எடுத்துடுங்க. நாளைக்கு ஜெயிச்சா, இந்தச் சங்கிலி எப்ப வாங்குனேன்னு கேப்பாங்க. கழுத்துல இல்லாதது படத்துல எதுக்கு?"

எடுத்துவிட்டேன். மறு பேச்சுப் பேசாமல் எடுத்ததால் அவருக்கு என்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கைதான் பின்னால் அவருக்கு வினையாக வந்தது.

சொற்ப ஓட்டில் ஜெயித்தார். ஜெயித்த பிறகும் கடைத்தெருவில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கை சரியாக நெஞ்சுக்கு நேராக இருந்தது.

சிலேட்டு

வாய்க்கால் தண்ணீரைக் கொண்டு வரும். வடிகால் தண்ணீரைக் கொண்டு போகும். வெளியூர்க்காரர்களுக்கு வாய்க்காலைத்தான் தெரியும். மேட்டூர் திறந்தார்களா, தண்ணீர் வந்ததா என்று விசாரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் வராத தண்ணீருக்கு அழுவதைவிடப் போகாத தண்ணீருக்கு அழுவதுதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு வடிகாலும் அடைத்திருந்தால், நட்ட பயிர் ஒரே வாரத்தில் அழுகிவிடும்.

பெரியாச்சி வடிகாலில் முழுக்க ஆகாயத்தாமரையும் நாணலும். அதைத் தூர் வாருவதாகச் சொல்லித்தான் செல்வராணி ஓட்டுக் கேட்டார். ஒரு கோடையில் பணி வந்தது. எடுத்த காண்ட்ராக்டரை நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் ஓட்டு வாங்கிப் பெரிய பதவிக்குப் போன ஒருவருக்கு நெருங்கிய சொந்தம் என்பார்கள். யார் என்று கேட்டால் பெயரைச் சொல்லமாட்டார்கள். கையை மேலே காட்டுவார்கள்.

நான் பார்த்தது அவருடைய சூப்பர்வைசர் முரளியைத்தான். நல்ல பேச்சுக்காரன். ரோட்டுப் பாலத்தை ஒட்டி பொக்லைன் இரண்டு நாள் வெட்டியது. பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வடிகால் பளிச்சென்று இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் என்பது நூற்றைம்பது மீட்டர். அதற்குப் பிறகு ஒரு வளைவு. மூன்றாம் நாள் பொக்லைன் லாரியில் ஏறிப் போய்விட்டது.

"அண்ணே, உள்ள வண்டி போக வழி இல்லண்ணே. இங்கயே கோணத்தை மாத்தி மாத்தி எடுத்துடுங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான்" என்றான் முரளி.

எல்லா ஊரிலும் இப்படித்தான். இந்த மூன்று வார்த்தைக்கு நான் அடங்கிப்போனேன். கூலியும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அதை லஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. வேலை கூடுதல், அதனால் கூலி கூடுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை, உற்சாகமாக இருந்தது. மன்னார்குடிப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுவிட்சர்லாந்து மலைக்கு முன்னால் நிற்க வைத்து ஆல்பம் போடுகிறவன் நான். நூற்றைம்பது மீட்டரை நாலு கிலோமீட்டராக்குவது என்ன பெரிய காரியம்? காலையில் கிழக்குப் பார்த்து எடுத்தேன். மாலையில் மேற்குப் பார்த்து எடுத்தேன். அக்கரைக்குப் போய் எடுத்தேன், கரையில் படுத்துக்கொண்டு எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சிலேட்டை அழித்து வேறு எண் எழுதினார்கள். சிலேட்டுப் பிடித்தவர் சட்டையைக்கூட மாற்றச் சொன்னேன். அந்த யோசனை என்னுடையதுதான், முரளிக்குத் தோன்றவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையெல்லாம் அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்து மறுநாள் கடையில் உட்கார்ந்து நானே அடித்தேன்.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கினேன். படத்தின் ஓரத்தில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் படத்துக்கு அழகு. கல்யாணத்துக்கு வெளிப்புறப் படம் எடுக்கும் எந்தப் போட்டோக்காரரைக் கேட்டாலும் சொல்வார். கரையில் ஒரு பூவரசு இருந்தது. என்னை அறியாமலே ஐந்து படங்களில் அதன் கிளையை ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

தாழ்வாரத்தில் ஒரு கையெழுத்து

பணி முடிந்தது என்பதற்கு ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். அந்த வாரம் செல்வராணி ஊரில் இல்லை. கணவர் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன். ஃபைலையும் படங்களையும் தூக்கிக்கொண்டு முரளி அங்கேயே போனான். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து, செல்வராணி இருபது படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். இதெல்லாம் பிற்பாடு செல்வராணியே எனக்குச் சொன்னது.

"கடைசி வளைவு வரைக்கும் வண்டி போயிருச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"படத்தைப் பாருங்கம்மா. நம்ம மாணிக்கண்ணன் எடுத்தது" என்று என் பெயரைச் சொன்னானாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகாவது யாராவது சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கீழத்தெருக்காரர்களின் வயல் வடிகாலின் கடைசியில் இருக்கிறது. பொக்லைன் அங்கே வரவில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலைவருக்குத் தெரியாமலா நடந்திருக்கும், போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். செல்வராணியோ பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். தினமும் பார்த்தது பளிச்சென்ற நூற்றைம்பது மீட்டரைத்தான். கால் கட்டோடு படுத்திருந்த கணவரை விட்டுவிட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

அதற்கு மேல் ஒன்று செய்தார். நடந்த பணியை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று அந்த இருபது படங்களையும் பேனராக அடித்து கிராம சபையில் கட்டச் சொன்னார். என்னிடமே அடிக்கக் கொடுத்தார். எதற்கும்மா வீண் செலவு என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் பாக்கட்டுங்க" என்றார். களவாணியாக இருந்திருந்தால் அந்தப் படங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்.

சிரிப்பு

இப்போது காளியம்மாவின் விரலுக்கு வருகிறேன்.

காளியம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் வயது. கீழத்தெருக்காரர். இருபது பெண்கள் கொண்ட நடவு செட்டுக்குத் தலைவி. நடவுக்குப் போகும்போது பாலத்தருகே உள்ள பூவரசில்தான் எல்லாரும் சோற்றுத் தூக்குவாளியை மாட்டுவார்களாம். கீழே வைத்தால் நாய் உருட்டிவிடும்.

"இந்தா தொங்குது பாரு, ஊதா நைலான் கயிறு. நான் கட்டுனது. இந்தப் படத்துலயும் தொங்குது. இந்தா, இதுலயும் தொங்குது. ரெண்டாயிரத்து எரநூறுன்னு எழுதியிருக்கு. பாலத்துகிட்ட இருக்குற மரம் அங்க எப்படிய்யா போச்சு?"

கூட்டம் எழுந்து பேனரைச் சுற்றிக்கொண்டது. ஒருவர் விரல் விட்டு ஐந்து படம் என்று எண்ணினார். யாரோ சொன்னார்கள்: "படம் எடுத்தவர் இங்கதான நிக்கிறாரு, அவரையே கேளுங்க."

செல்வராணி என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் ஏதாவது விளக்கம் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்து நின்றார்.

நான் சொன்னேன்: "சிலேட்டுல என்ன எழுதியிருந்துச்சோ அதைத்தாங்க எடுத்தேன். எது எந்த எடம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதை அரை உண்மை என்பது பேச்சுக்குத்தான். அது முழுப் பொய்.

கூட்டத்துக்கு அதற்குமேல் என்னிடம் வேலை இல்லை. எல்லாரும் செல்வராணி பக்கம் திரும்பினார்கள். அடிதடி ஆகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் சாவகாசமாகச் சொன்னார்:

"போவட்டும் விடுங்கப்பா. எல்லாரும் வாங்குறதுதான். கடைசி வரைக்கும் பேருக்காச்சும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்."

"நான் ஒத்தப் பைசா வாங்கலைங்க" என்றார் செல்வராணி.

கூட்டம் சிரித்தது.

வன்மமான சிரிப்பு இல்லை. கல்யாண வீட்டில் மச்சானைக் கேலி செய்யும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பெண்களும் சிரித்தார்கள். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் சிரித்தார்கள்.

தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று எங்கள் பக்கத்தில் அடிக்கடி சொல்வார்கள். நான் சின்ன வயதில் பார்த்த ஒரு தலைவர் முழங்கை வரைக்கும் நக்கினார். செத்தபோது ஊரே அழுதது. அடிச்சாலும் ரோடு போட்டான் என்று இன்றைக்கும் பேச்சு. அவர் படத்தை என் கடையில்தான் பெரிதாக்கினார்கள், கண்ணைத் திறந்து வைத்தது நான்தான். வாங்கினவரை ஊர் மன்னித்துவிடும். வாங்கவில்லை என்று சொல்கிறவரை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை.

நடந்தே எடுப்போம்

மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கியபோது செல்வராணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சிலேட்டு.

"சங்கிலிய எடுக்கச் சொன்னப்ப எடுத்தீங்க. அதை வச்சுத்தாங்க உங்க படத்தை நம்புனேன்" என்றார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"வாங்க. பாலத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நடந்தே எடுப்போம். இருபது படம். எது எப்படி இருக்கோ அப்படியே."

"வேணாம்மா. இது உங்களுக்கே வினையா முடியும். கையெழுத்து உங்களுது."

"என்னுதுதான். அதனாலதான் கூப்புடுறேன்."

போனேன். காளியம்மாவும் ஒரு அரிவாளோடு முன்னால் வந்தார், கருவை முள்ளை வெட்டி வழி விட. இருநூறு மீட்டருக்கு ஒரு முறை செல்வராணி சிலேட்டில் எழுதி, தானே அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. ஆறாவது படத்தில் அட்டை என் கெண்டைக்காலில் ஏறியது. ஒன்பதாவது படத்தில் என் செருப்பு சேற்றோடு போய்விட்டது. திரும்பி வந்து தேடினோம், கிடைக்கவில்லை. இந்த முறை செல்போனில்தான் எடுத்தேன்; அட்சரேகை, தீர்க்கரேகையை நான் அடிக்கவில்லை. செல்போனே போட்டுக்கொண்டது.

கடைசி வளைவு தாண்டி வடிகால் எது, வயல் எது என்று தெரியவில்லை. நாணலுக்கு நடுவில் ஒரு நாற்றங்கால் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

"எனக்குன்னு இருக்குற அரை ஏக்கர் இதான்" என்றார் காளியம்மா. "ஐப்பசியில மழை புடிச்சா மொதல்ல முழுவுறதும் இதான்."

பிறகு செல்வராணியைப் பார்த்துக் கேட்டார்: "ஏ ராணி, நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

காளியம்மா நம்பினாரா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அரிவாளில் ஒட்டியிருந்த சேற்றை நாணலில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அடுத்த திங்கள்கிழமை, கலெக்டர் ஆபீஸ் மனு நாள். செல்வராணி வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தார். படங்களைக் கொடுக்க நானும் கூட நின்றேன். மனுவின் முதல் வரி, 'நான் இடத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டேன்' என்று இருந்தது. வாங்கிய அலுவலர் அதை இரண்டு தடவை படித்தார்.

"யாரு மேலம்மா புகார்?"

"மொதல்ல என் மேலதாங்க."

நல்ல மனிதர் போலிருக்கிறது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

காந்தி ஜெயந்தி

விசாரணை தொடங்கியது. முடியும் வரை செல்வராணிக்குச் செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை என்று முதலில் ஒரு உத்தரவு வந்தது. அப்புறம்தான் காண்ட்ராக்டருக்கு ஒரு நோட்டீஸ் போனது. அவர் ஆட்கள் அலறிப் புடைத்துக்கொண்டு வந்து, வழி இல்லை என்று சொன்ன இடத்திலெல்லாம் பொக்லைனை இறக்கி வெட்டினார்கள். கடைசி வளைவுக்கு முன்னால் தண்ணீர் ஏறிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. போட்டோக்காரனை யார் விசாரிக்கப்போகிறார்கள்?

ஊரில் பேச்சு மாறியது. செக் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால் வாங்கியது நிஜம்தானே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் கடைக்கு வந்தவர்களும் சொன்னார்கள். தன் தப்பைத் தானே போய்ச் சொன்ன ஒருத்திக்கு இந்தப் பெயர். சொல்லாத நான் சௌகரியமாக பாஸ்போர்ட் சைஸ் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் இரண்டு அன்று மறுபடி கிராம சபை. அதே ஷாமியானா, அதே ஆரஞ்சு மிட்டாய். நான் கேமராவை மேஜை மேல் வைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன். கும்பிட்டேன். எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்த கும்பிடு, எனக்குச் சரியாக வரவில்லை.

"இருபது படத்தையும் பாலத்துகிட்டயே எடுத்தது நான்தாங்க. சட்டைய மாத்தச் சொன்னதும் நான்தான். அடியில இருக்குற நம்பரெல்லாம் நான் உக்காந்து அடிச்சது. தலைவரம்மாவுக்கு எதுவும் தெரியாது. என் படத்தை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாங்க. அன்னைக்குக் கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்."

ஷாமியானாத் துணி காற்றில் படபடத்தது. எனக்கு மனசு லேசானது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இதைச் சொல்றதுக்கு அந்தம்மா உங்களுக்கு எவ்வளவு குடுத்துச்சு?"

கூட்டம் மறுபடி சிரித்தது. ஆகஸ்டில் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தது.

நான் செல்வராணியைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்க போய் உங்க வேலையப் பாருங்கண்ணே" என்றார். என் வேலை படம் எடுப்பது. கேமராவை எடுத்து அந்தச் சிரிப்பைப் படம் பிடித்தேன். கிராம சபையில் அத்தனை பேரும் பல் தெரியச் சிரிக்கும் படம் என் முப்பது வருடத் தொழிலில் அது ஒன்றுதான். உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு பேர் சிரிக்கவில்லை. ஒருவர் செல்வராணி. இன்னொருவர் காளியம்மா.

"சிரிச்சது போதும்யா" என்று காளியம்மா எழுந்தார். "கடைசி வளைவ யாரு வெட்டுறது? மழை உங்க சிரிப்பு அடங்குறவரைக்கும் காத்துக் கெடக்குமா?"

அவருடைய நடவு செட்டுதான் வெட்டியது. இருபது பெண்கள், ஆளுக்கொரு மண்வெட்டி. செல்வராணியும் போனார். ஒரு வாரம் வெட்டியிருப்பார்கள், மழை பிடித்துக்கொண்டது. அந்த வருடம் வடிகாலின் மேல்பக்கம் மூன்று நாளில் தண்ணீர் வடிந்தது. கடைசியில் பத்து நாள் நின்றது. காளியம்மாவின் அரை ஏக்கரில் பாதி பிழைத்தது, பாதி அழுகியது. பிழைத்த பாதிக்காக ஊர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அழுகிய பாதிக்குச் செல்வராணியைத்தான் குறை சொன்னார்கள்.

பாஸ்போர்ட் சைஸ்

செல்வராணி மேல் தவறில்லை என்று கடைசியில் ஒரு கடிதம் வந்தது. வந்தபோது அவர் பதவிக்காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. அதைப் பேனராக அடித்துப் பாலத்தில் கட்டலாம், என் செலவில் அடித்துத் தருகிறேன் என்றேன். "ஒருக்கா கட்டிப் பாத்தாச்சுங்களே" என்றார். காண்ட்ராக்டர் இப்போது வேறு எங்கோ ஒரு வடிகாலைத் தூர் வாருவதாகக் கேள்வி. அங்கே படம் எடுப்பது யாரோ, எனக்குத் தெரியாது.

போன மாதம் செல்வராணி கடைக்கு வந்தார். பதவி போய்விட்டது, குத்தகை நிலம் இருக்கிறது. கணவர் சற்று விந்தி நடக்கிறார், முன்போலவே வெளியே பைக்கில் உட்கார்ந்துகொண்டார். பயிர்க் கடனுக்கு இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும் என்றார். எடுத்தேன். அதே மஞ்சள் கயிறு, அதே வெறும் கழுத்து. திரையில் ஒன்றையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டேன்.

"எவ்வளவுங்க?"

"அட, இருக்கட்டும்மா. உங்ககிட்டயா வாங்குறது."

"வேணாங்க" என்று பர்ஸைத் திறந்தார். "சும்மா வாங்கிக்கிட்டேன்னு ஆயிடும்."

சிரித்துக்கொண்டே சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பணத்தை கவுண்டரில் வைத்துவிட்டு நின்றார். போகவில்லை.

"ரசீது ஒண்ணு குடுங்க."

முப்பது வருடத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு என்னிடம் யாரும் ரசீது கேட்டதில்லை. என் கடையில் ரசீதுப் புத்தகமே கிடையாது. ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, இரண்டு படத்துக்கான பணம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"தேதியும் போடுங்க" என்றார்.